ஃபைன் என்ற உங்கள் ஒற்றைச் சொல்

இன்று காலை பூசைக்குப் புறப்படக் கைலேஞ்சி தேடி அலுமாரியின் உங்கள் பக்கத்துத் தட்டைத் திறந்தேன். ஓடிக்கொலோன் மணம் எழுந்து வந்தது. தட்டை மெதுவாகச் சாத்தினேன். கைலேஞ்சியை எடுக்கவில்லை. எடுத்தால் மணம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் கனடாவிலிருந்து வீடியோவில் அழைக்கும் நேரத்துக்கு முன் அந்தக் கைலேஞ்சியில் ஓடிக்கொலோன் தெளித்து முகத்தையும் கழுத்தையும் துடைத்துக்கொள்வீர்கள்.

"ஃபோனுக்குள்ளால மணம் போகாது கண்டியளோ" என்பேன்.

"போகும். நீர் உம்மட வேலையைப் பாரும்."

எனக்குப் படிப்பித்த கன்னியாஸ்திரிகள், யாராவது சுகம் விசாரித்தால் முழு வசனமாகப் பதில் சொல்ல வேண்டும், ஒற்றைச் சொல்லில் சொல்வது சோம்பேறித்தனம் என்பார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் அப்படித்தான் ஆங்கிலம் படிப்பித்தேன். வீட்டில் நீங்கள் ஃபைன் என்ற ஒற்றைச் சொல்லை வைத்தே காலம் தள்ளினீர்கள். எஞ்சின் பாகங்களின் பெயர்களுக்கு அப்பால் உங்களிடமிருந்த ஆங்கிலம் அது ஒன்றுதான்.

கடல் கொந்தளிக்கும் கச்சான் காற்றில், நீங்கள் திருத்திக் கொடுத்த எஞ்சினோடு போன வள்ளம் பேசாலைக் கரைக்குத் திரும்பினால் ஃபைன். இன்னொரு அகப்பை சோறு போடவா என்றால் கையை மறித்து ஃபைன். அது போதும் என்று பொருள். நான் சண்டைக்கு வந்தால் ஒரு ஃபைன், அதோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய்விடுவீர்கள். அது, இனிக் கதைக்காதே என்று பொருள். முள்ளிவாய்க்கால் நாட்களில் என் தம்பியைப் பற்றிய செய்தி வந்தபோது என் தலையைத் தடவி மெதுவாக அதையே சொன்னீர்கள். அதற்கு என்ன பொருள் என்று நான் கேட்கவில்லை.

பேத்திக்கும் உங்களுக்கும் இருந்த மொழியும் அதுதான். அவளுக்குத் தமிழ் வராது. அவள் சுகம் கேட்பாள், நீங்கள் "ஃபைன்" என்பீர்கள், அவள் திருப்பிச் சொல்வாள், நீங்கள் இன்னும் உரத்துச் சொல்வீர்கள். இரண்டு பேரும் பந்து எறிவது போல எறிந்து பிடித்துச் சிரித்து முடிய அழைப்பும் முடிந்துவிடும். அவள் உங்களுக்கு வைத்த பெயரே ஃபைன் தாத்தா.

பிறகு உங்கள் கால்கள் வீங்கத் தொடங்கின. இதயம் களைத்துப்போய்விட்டது என்றார் டொக்டர். மகளுக்குச் சொல்லுவோம் என்றேன்.

"அவள் இப்பதான் நல்ல வேலை ஒண்டில ஏறினவள். கேட்டா எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வருவாள். வந்து என்ர காலைப் பிடிச்சு அமத்துறதே? சொல்லாதேயும்."

நீங்கள் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. எங்கள் தெருவில் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிய எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். தாயின் ஒப்பரேசனை, தையல் பிரித்த பிறகுதான் பிள்ளைக்குச் சொல்வார்கள். அதை அன்பு என்று எல்லாரும் நம்புகிறார்கள். நீங்களும் நம்பினீர்கள். நான் ஃபோனை வாங்கி உண்மையைச் சொல்லப் போன அன்று அதை என் கையிலிருந்து பறித்து, முகம் மட்டும் தெரியப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல்லைச் சொன்னீர்கள். கடைசி ஞாயிறும் முதுகுக்கு மூன்று தலையணை முண்டு கொடுத்து உட்கார்ந்து அதையே சொன்னீர்கள். அடுத்த ஞாயிறு வரமுதல் போய்விட்டீர்கள்.

அவள் வரும்வரை உங்களை வைத்திருந்தோம். வந்தவள் அழவில்லை. பெட்டிக்குள் உங்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அப்பாக்கு ஏன் சப்பாத்துப் போடேல்ல?"

"சப்பாத்துக்குள்ள கால் கொள்ளேல்லை, பிள்ளை" என்றேன்.

காலை மூடியிருந்த வெள்ளைத் துணியை விலக்கி வீக்கத்தைப் பார்த்தாள். "எத்தினை மாசமா?" என்று கேட்டாள். நான் சொன்னேன்.

"ஒவ்வொரு ஞாயிறும் கேட்டனான், அப்பா. ஒவ்வொரு ஞாயிறும் கேட்டனான்."

என்னிடம் அல்ல, உங்களிடம் சொன்னாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் சுகம் விசாரிப்பதில்லை. "காலைக் காட்டுங்கோ" என்கிறாள். கணுக்கால் தெரியச் சேலை கட்டியறியாத நான், கதிரையில் உட்கார்ந்து ஃபோனைக் கீழே பிடித்துக் கரையைத் தூக்கிக் காட்டுகிறேன். "மற்றக் கால்" என்கிறாள். மற்றதையும் காட்டுகிறேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் என் கமக்கட்டுக்குக் கீழே ஒரு கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சோதிக்க வேண்டுமாம். உங்கள் தங்கை வந்து பக்கத்தில் இருந்தாள்.

"மச்சாள், இப்ப பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. மடுமாதாவுக்கு நேத்தி வைச்சிட்டுச் சோதினையை முடிப்பம். ஒண்டும் இல்லையெண்டு வந்தா, சொல்லாமலே விட்டிடலாம். அண்ணை இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்."

ஓம், நீங்கள் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அதனால்தான் எனக்கு உங்கள்மேல் இன்னும் ஆறாத கோபம்.

இன்று பூசை முடிந்து வந்ததும் அழைப்பு வந்தது. இரண்டு காலையும் பார்த்தாள். "வீக்கமில்லை. வடிவா இருக்கு" என்றாள். அவளுடைய முகம் தெளிந்தது. நீங்கள் போன பிறகு அப்படித் தெளிந்து நான் பார்க்கவில்லை. பேத்தி தாயின் தோளுக்கு மேலால் எட்டி என் சுகம் கேட்டாள். உங்கள் சொல் என் நாக்கு நுனிக்கு வந்தது. அது எவ்வளவு இலேசாக வருகிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. சொன்னால் அந்த முகம் அப்படியே இருக்கும். நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் பார்க்க ஆசைப்பட்டது அந்த முகத்தைத்தான் என்பதும் விளங்கியது.

"பிள்ளை, காலில ஒண்டும் இல்லை" என்றேன். "கமக்கட்டுக்குக் கீழ கட்டி ஒண்டு இருக்கு. வியாழக்கிழமை யாழ்ப்பாணத்தில சோதினை."

அவள் முகம் என் கண் முன்னால் உடைந்தது. பேத்தியைத் தள்ளி வைத்துவிட்டு எங்கோ உட்கார்ந்தாள். என்ன அளவு, நோகிறதா, யார் கூட வருகிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன்.

"நீங்களாவது சொன்னீங்களே அம்மா" என்றாள்.

பிறகு ஃபோனை வைக்காமலே பக்கத்திலிருந்த கணினியைத் திறந்து, மூக்கைப் புறங்கையால் துடைத்துத் துடைத்து, கொழும்புக்கு எந்தப் பிளேனில் இடமிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினாள். புதன்கிழமை வந்திறங்கும் ஒன்று இருந்தது. வேலைத்தலத்தில் கேட்க வேண்டாமா என்றேன். "பிறகு கேப்பன்" என்றாள்.

அவள் தேடிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவுதான் அவளுக்குத் தேவைப்பட்டது. உங்களுக்காகவும் இதே வேகத்தில்தான் தேடியிருப்பாள். வந்து, உங்கள் காலை மடியில் வைத்து அமத்தியிருப்பாள்.