படிக்க இயலாத முதுகு

செமாராங்,
6 அக்டோபர் 2003

அன்புத் தம்பி சர்வோனோவுக்கு,

இங்கு நலம். அங்கும் நலமே என நம்புகிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் கைகளைப் பற்றி நீ எழுதியிருந்ததை மறுபடி படித்தபின் அவ்வரியை எழுத மனம் வரவில்லை.

உன் விரல்வெடிப்புக்குச் சோப்பே காரணம் என்று உங்கள் கையுறை ஆலையின் கிளினிக்கில் எழுதித் தருவதாகத் தெரிவித்திருக்கிறாய். அந்தத் தாளில் கையொப்பமிடாதே. நோய் வேலையால் வந்தது என்று நிறுவினால், மலேசியாவிலேயே சிகிச்சையும் வேறு பிரிவுக்கு மாற்றமும் கோர இடமுண்டு. நிறுவாவிட்டால், ஜனவரி 20 அன்று உனக்கு நடக்கவிருக்கும் வருடாந்தர உடற்சோதனையில் தகுதியற்றவன் என்று எழுதி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

இங்கே அரசு மருத்துவமனையில் டாக்டர் விடியாஸ்துதி என்ற தோல் மருத்துவர் இருக்கிறார். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து ஒருமுறையும் நான்கு நாள் கழித்து மறுமுறையும் பார்த்து முடிவு சொல்வாராம். பெருநாள் விடுப்பில் வரும்போது கையுறைத் துண்டுகளைத் தனித்தனி உறைகளில், நாளும் பிரிவும் குறித்துக் கொண்டுவா.

உன் அண்ணி ருமியாத்தி பக்கத்தில் நின்று சொல்கிறாள்: "கையுறை கிடக்கட்டும், முதல்ல அவனை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க. போன தடவை கைலிக்குள்ள ஆளைத் தேட வேண்டியிருந்துச்சு."

அன்புடன்,
ஹர்தோயோ

கிள்ளான்,
19 அக்டோபர் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் சொற்படி கையொப்பமிடவில்லை. கிளினிக் டாக்டருக்குக் கோபம்.

"பாத்திரம் கழுவுறியா?" என்றார்.

"இல்ல டாக்டர், ஹாஸ்டல்ல என் ரூம்மேட் காமித்துதான் சமைச்சுக் கழுவுறான்."

"குளிக்கிறியா?"

"ரெண்டு வேளை."

"பார்த்தியா, சோப்புதான்!"

அறைக்கு வந்து சொன்னபோது காமித் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நாளையிலேருந்து குளிக்காம போடா, ஆலையே உன்னை பிளேன் ஏத்தி அனுப்பிடும்."

அரசு மருத்துவமனைக்கும் போய்ப் பார்த்தேன். ஜன்னலில் இருந்த அம்மாள், "கம்பெனி லெட்டர் எங்க? பாஸ்போர்ட் எங்க?" என்றார். பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது என்றேன். "அப்ப கம்பெனிக்கே போப்பா" என்றார்.

அச்சிலிருந்து சூடாக வரும் கையுறைகளை உரித்து எடுப்பதுதான் என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். உரிக்க உரிக்க என் தோலும் கூடவே வருகிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கையால் சோறு பிசைந்து உண்ண முடியவில்லை. மிளகாய் பட்டால் உயிர் போகிறது. ஆனாலும் இந்த வேலை எனக்கு வேண்டும் அண்ணா. பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றினால் போதும்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தம்பி,
சர்வோனோ

செமாராங்,
15 டிசம்பர் 2003

அன்புத் தம்பிக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்ற செய்தி கிடைத்தது. மருத்துவமனையின் தாளை இத்துடன் அனுப்புகிறேன். அதன் வாசகம் உனக்கு வருத்தம் தரும். ஆகவே நடந்தவற்றை வரிசைப்படி பதிவுசெய்கிறேன்.

டிசம்பர் 1, திங்களன்று உன் முதுகில் ஒட்டுகள் வைக்கப்பட்டன. புதனன்று அவை எடுக்கப்பட்டபோது, கையுறைத் துண்டு இருந்த இடத்திலும் ரப்பரில் கலக்கும் ரசாயனம் இருந்த இடத்திலும் லேசான சிவப்பு காணப்பட்டது. ஒட்டுகள் இருந்த இடங்கள் மையால் குறிக்கப்பட்டன. வெள்ளிக்கிழமை பார்த்த பின்பே முடிவு என்று மருத்துவர் கூறினார். இடையே வியாழன் மதியம், மூன்று நாள் குளிக்காமலும் மழையில் நனைந்தும் இருந்த உனக்கு உடம்பில் காற்று ஏறிக் குளிரும் காய்ச்சலும் கண்டமையால், நம் வீட்டு வைத்திய வழக்கப்படி தைலம் தடவி, காற்று வெளியேறக் காசின் விளிம்பால் முதுகு சுரண்டப்பட்டது. வெள்ளியன்று முதுகு முழுதும் சிவப்புக் கோடுகள் இருந்தன, மைக்குறிகள் இல்லை. "முடிவு கூற இயலவில்லை" என்று மருத்துவர் எழுதினார். மறுநாள் உனக்கு விமானம்.

குளிக்கலாகாது, வியர்க்கலாகாது, மல்லாந்து படுக்கலாகாது என்று பதினொரு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். இது பன்னிரண்டாவதாக எனக்குத் தோன்றவே இல்லை.

அன்புடன்,
ஹர்தோயோ

கிள்ளான்,
24 டிசம்பர் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதமும் தாளும் கிடைத்தன. "சுரண்டப்பட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். சுரண்டியது நீங்கள்தான் அண்ணா. "அண்ணா, தாங்கல, கொஞ்சம் தேய்ச்சு விடுங்க" என்று கேட்டது நான். அதில் எனக்கு எள்ளளவும் மனத்தாங்கல் இல்லை. அம்மா போன பிறகு எனக்குக் காற்று எடுத்துவிட்டது நீங்கள் ஒருவர்தானே.

ஆனால் ஆலையில் அந்தத் தாளைக் காட்டி, "உங்க ஊர் டாக்டரே ஒண்ணும் இல்லைங்கறாங்களே" என்கிறார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் திரு. ஜைலானி என்ற அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர். அவர் சொன்னது இது: "புதன்கிழமை சிவந்துச்சுன்னு உங்க டாக்டர் குறிப்பு இருக்கு, சரி. வெள்ளிக்கிழமை ஏன் கெட்டுச்சு? யார் சுரண்டினாங்களோ அவங்க பேர் போட்டு, கையெழுத்து போட்டு ஒரு வாக்குமூலம் கொண்டா தம்பி. அதை வெச்சு எங்க ஆஸ்பத்திரியில மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்றேன். இருபதாம் தேதிக்கு முன்னால கொண்டா, அதுக்கப்புறம் என் கையில இல்ல."

ஒரு பக்கம் போதும் அண்ணா. உங்களைவிட ஒழுங்காக அதை யார் எழுத முடியும்?

உங்கள் தம்பி,
சர்வோனோ

செமாராங்,
5 ஜனவரி 2004

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே வாக்குமூலத்தை எழுதி முடித்தேன். அனுப்புவதற்குமுன் சில நாள் ஆராய நேர்ந்தது, பொறுத்துக்கொள்.

நோட்டரி நியமனத்துக்கான என் விண்ணப்பம் ஜகார்த்தாவில் நிலுவையில் இருப்பதை அறிவாய். மருத்துவச் சான்று ஒன்றைச் சிதைத்தேன் என்று நானே என் பெயரில் ஒப்புக்கொள்ளும் ஆவணம், நோக்கம் எத்துணை நல்லதாயினும், பிறர் கையில் வேறு பொருள் தரக்கூடும். மூத்த வழக்கறிஞர் ஒருவரும் அவ்வாறே கருதுகிறார். ஆகவே, "குடும்ப உறுப்பினர் ஒருவர், குடும்ப வழக்கப்படி" என்று பொதுவாகக் குறிப்பிட்டு, அதை நான் பணிபுரியும் நோட்டரி அலுவலகத்தின் முத்திரையுடன் அனுப்புகிறேன். உண்மை எதுவும் மறைக்கப்படவில்லை. இது போதுமானது என்பது என் கருத்து.

ருமியாத்தி இரண்டு நாளாக என்னுடன் பேசவில்லை. கேட்டால், "உங்க தம்பிகிட்டயும் முத்திரை குத்திக் காகிதத்துலயே பேசுங்க" என்கிறாள்.

கைகளைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
ஹர்தோயோ

கிள்ளான்,
24 ஜனவரி 2004

அண்ணாவுக்கு,

தாள் பதினான்காம் தேதி வந்தது. மறுநாளே கொண்டுபோனேன். திரு. ஜைலானி இரண்டு முறை படித்தார். "முத்திரை அழகா இருக்கு. யாரு இந்தக் குடும்ப உறுப்பினர்? பேர் இல்லாத ஆளை நான் எங்க போய்த் தேட?" என்றார். என் அண்ணன்தான் என்றேன். "அப்ப அவர் ஏன் போடல?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தாளை வாங்கி மடித்துக்கொண்டு கிளம்பினேன்.

இருபதாம் தேதி உடற்சோதனையில் கைகளைப் பார்த்தவுடன் தகுதியற்றவன் என்று எழுதிவிட்டார்கள். நேற்று ஆலையில் ஒரு தாள் நீட்டினார்கள். இந்த நோய் நான் இங்கு வருமுன்பே இருந்தது, வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று அதில் இருந்தது. கையொப்பமிட்டால்தான் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் என்றார்கள். கையொப்பமிட்டேன். கட்டைவிரல் ரேகையும் கேட்டார்கள். மூன்று முறை அழுத்தினேன். தோல் இல்லாததால் வெறும் மைதான் அப்பியது. குமாஸ்தா அதைப் பார்த்து, "பரவாயில்ல, இதுவே போதும்" என்றார்.

வியாழன் மதியம் என் முதுகில் காசை வைத்தபோது நீங்கள் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை அண்ணா. பெயர் எழுதத்தான் கேட்டீர்கள். அதைத் தவிர எனக்கு உங்கள்மேல் குறை ஒன்றும் இல்லை.

அடுத்த வாரம் ஊர்ப்பக்கம் வருகிறேன். செமாராங்குக்கு அல்ல. சாலாத்திகாவில் காமித்தின் மாமாவுக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது, அங்கே தங்கிக்கொள்கிறேன். கை ஆறியதும் அண்ணிக்கு எழுதுகிறேன்.

சர்வோனோ