பிரேக்கில் வைத்த கால்

ஜூலை 14, திங்கள்
விடியும்போதே புழுக்கம். ஆறு மணி வகுப்பு. மாணவி மெஹ்ருன்னிசா, ஐம்பத்தொன்று, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ராயப்பேட்டையில் துணிக்கடை. ஓட்டத் தெரியாமலே சொந்தமாகக் கார் வாங்கிவிட்ட தைரியசாலி.

லஸ் முனையில் பேருந்து குறுக்கே வந்தது. பயிற்சி வண்டி ஆயிற்றே, என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அமுக்கிவிட்டேன். இன்று நாலாவது தடவை.

"மேடம், வண்டிய நான் ஓட்டறேனா, நீங்க ஓட்டறீங்களா?"

கோபம் வந்தது. அவர்மேல் இல்லை.

வாங்க: காபித் தூள், ரப்பர் செருப்பு (தோல் செருப்பு பெடலில் வழுக்குகிறது).

15, செவ்வாய்
டிரைவிங் ஸ்கூல் முதலாளி லோகு கூப்பிட்டார்.

"இன்னா மேடம், பிரேக்லயே கால வெச்சிக்கினு கீறீங்களாமே? அந்தம்மா டெஸ்ட்ல பாஸ் ஆவலன்னா, நீங்க ஆபீஸ்ல குந்திக்கினு ஃபாரம் ரொப்புங்க. பேங்க்ல இருந்தவங்க, உங்களுக்கு அல்வா சாப்பிட்ற மாரி."

இருபத்து மூன்று வருடம் வங்கித் தணிக்கை. அடுத்தவர் தப்புப் பண்ணுமுன் பிடிப்பதுதான் வேலை. அதற்குத்தான் பாராட்டெல்லாம். அந்த நாற்காலியை விட்டு எழுந்து எட்டு மாதம். மறுபடியும் ஃபாரமா? முடியாது. அதில் நான் கெட்டிக்காரி என்பதே பயமாக இருக்கிறது.

17, வியாழன்
தூறல். ராஜா அண்ணாமலைபுரத்து உள்தெருக்கள். காலைப் பெடலுக்கு மேலே தொங்கவிட்டேன், தொடவில்லை. திடீரென்று மாடு. இவர் பார்த்தாரா? பார்த்தாரா? பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நிறுத்திவிட்டார். இஞ்சினும் அணைந்துவிட்டது. பின்னால் ஆட்டோக்காரர்: "யக்கா, மாட்டுக்கு சலாம் போட்டது போதும், வண்டிய எடு!"

இருவரும் சிரித்தே களைத்தோம். என் கால் மட்டும் இன்னும் பெடலுக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் நிறுத்தியது அவர், முழுக்க அவர். வங்கியில் ஒருநாளும் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

காபித் தூள் மறந்தாயிற்று.

21, திங்கள்
டெஸ்ட். முன்னால் இன்ஸ்பெக்டர், பின் சீட்டில் நான். அங்கே ஏது பிரேக்? இருந்தும் ஒவ்வொரு திருப்பத்திலும் என் கால் தரையை அமுக்கியது. இறங்கும்போது இன்ஸ்பெக்டர் "ம், சரி" என்றார். பாஸ்!

லோகு: "இன்னும் ரெண்டு லேடீஸ் வந்துகீறாங்க. நீங்களே எடுத்துக்கோங்க."

ஃபாரம் பற்றிப் பேச்சே இல்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

27, ஞாயிறு
சாயங்காலம் வாசலில் ஹார்ன். மெஹ்ருன்னிசா, சொந்த வண்டியில், தனியாக.

"லைசென்ஸ் வந்துடுச்சு. ஏறுங்க மேடம், பெசன்ட் நகர் வரைக்கும் ஒரு ரவுண்டு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். என் காலடியில் பிரேக் இல்லை, வெறும் கால்விரிப்பு. வழியெல்லாம் சம்பந்தி வீட்டுக் கதை. அடையாற்றில் ஒரு பேருந்து குறுக்கே திரும்பியது. நிதானமாக நிறுத்தினார், கதையை நிறுத்தாமலே. அப்போதுதான் கவனித்தேன். புது ரப்பர் செருப்பு கீழே கிடக்கிறது, நான் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.