அர்த்தனாரியின் எறும்பு

அக்டோபர் 8, 2023, ஞாயிறு

ஒன்பதாம் வகுப்புக் காலாண்டுத் தாள்கள் இருபத்தாறு பாக்கி. ஒன்றைக்கூடத் தொடவில்லை. நாள் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்தே கிடந்தேன்.

பதினான்கு எறும்புகளையும் மூன்றாம் முறையாகப் பார்த்துவிட்டேன். உணர்கொம்பில் பன்னிரண்டு கணு. இடுப்பில் இரண்டு முடிச்சு. அதுவரை புத்தகத்தில் இருக்கிற மரஎறும்பேதான். ஆனால் புத்தகத்து எறும்புக்கு முதல் முடிச்சின்மேல் நான்கு முடி, என்னுடையதற்கு இரண்டே இரண்டு. அதற்குத் தலை உச்சியில் மூன்று புள்ளிக் கண்கள், என்னுடையதற்கு அந்த இடம் வழவழவென்று இருக்கிறது.

யாரும் பெயர் வைக்காத இனம்! நாற்பத்தொரு வயதில், வளப்பூர் நாட்டுப் பள்ளிக்கூட உயிரியல் டீச்சருக்கு இப்படி ஓர் அதிர்ஷ்டம். வாய்விட்டுச் சிரித்தேன். தனியாக இருப்பதில் இது ஒரு வசதி.

என் ஆராய்ச்சி வழிகாட்டி பிலிப் சார் மட்டும் போனில் தண்ணீர் ஊற்றினார். "ஒரே கூட்டை வச்சுக்கிட்டுக் குதிக்காதம்மா. ராணி வேணும். வேற கூடும் வேணும்."

அக்டோபர் 11

அர்த்தனாரியிடம் கேட்டேன். முறிந்து விழுந்த குச்சிக்குள் இந்த எறும்பை முதலில் எனக்குக் காட்டியவரே அவர்தான். மிளகுக்கொடி ஏற்றிய அவருடைய சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் இன்னொரு பெரிய கூடு இருக்கிறதாம்.

"தையில மிளகு பறிக்க ஏறுவமில்லீங்களா, அப்ப எடுத்துத் தாரேனுங்க. இப்ப மரம் பூரா ஈரமுங்க."

தை வரை ராணி காத்திருக்காது. மழை விட்டால் இறக்கையோடு பறந்துவிடும். இந்த வாரமே வேண்டும் என்றேன். பிடித்த எறும்பு கெடாமல் இருக்கச் சாராயம் ஊற்றிய சின்னப் புட்டியையும் கையில் கொடுத்தேன்.

"சரிங்க டீச்சரு."

அக்டோபர் 14

விழுந்துவிட்டார்.

அக்டோபர் 15

நேற்று ஒரு வரிக்கு மேல் கை ஓடவில்லை. காலையில் மழை விட்டதும் ஏறியிருக்கிறார். ஒற்றை மூங்கில் ஏணி வழுக்கிவிட்டது. முப்பது அடி. முதுகெலும்பு. சேலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கியிருப்பார் — ஒவ்வொரு வளைவிலும் அந்த முதுகு —

மழைக்காலத்தில் இங்கே யாரும் மிளகு மரம் ஏறமாட்டார்கள். எனக்குத் தெரியாதா? ஆறு வருஷமா இங்கதானே இருக்கேன். தெரிஞ்சுதானே கேட்டேன்.

அக்டோபர் 27

இன்று விடியற்காலை போய்விட்டார்.

நவம்பர் 13

காரியமெல்லாம் முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பெருமாயி அழவில்லை. உள்ளே போய்ப் புட்டியை எடுத்து வந்தார். "உங்களுதுங்க. அவரு சட்டப்பையில இருந்துச்சு."

உடையவில்லை. முப்பது அடி உயரத்திலிருந்து விழுந்தும் அது மட்டும் உடையவில்லை.

"அவரா ஆசப்பட்டு ஏறுனாரு. இந்தப் பூச்சி மேல அவருக்கு அப்பிடி ஒரு கிறுக்குங்க" என்றார் பெருமாயி.

இல்லை, நான்தான் அவசரப்படுத்தினேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அதற்குப் பதிலாக, இந்த எறும்புக்கு அவர் பெயரையே வைக்கப்போகிறேன், உலகம் முழுக்க அந்தப் பெயரால்தான் இதைக் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கோழை.

நவம்பர் 30

அவர் மகள் யமுனா என் வகுப்புதான். நோட்டின் முதல் பக்கத்தில் அப்பா பெயரை லத்தீன் விகுதியோடு எழுதி வைத்திருக்கிறாள். "டீச்சர், இந்தப் பேரு எத்தன வருசம் இருக்கும்?"

மனிதர்கள் இருக்கும் வரை, என்றேன்.

டிசம்பர் 3

இத்தனை நாள் அந்தப் புட்டியைத் திறக்கும் தைரியம் இல்லை. இன்று திறந்தேன். இறக்கையுள்ள ராணிகள் இரண்டு. கூடவே வேலைக்கார எறும்புகள் முப்பத்தெட்டு, சின்னதும் பெரியதுமாக. அவர் கூட்டைக் கிளையோடு வெட்டிப் பொறுமையாகத் தட்டியிருக்கிறார்.

உடல் அளவுப்படி வரிசையாக வைத்தேன். சின்னவற்றுக்கு இரண்டு முடி. நடுத்தரத்துக்கு மூன்று. பெரியவற்றுக்கு நான்கு. புள்ளிக் கண்ணும் அப்படித்தான்: முதலில் இல்லை, பிறகு ஒன்று மங்கலாக, பிறகு மூன்றும். ஓரிடத்திலும் பிரித்து இது வேறு, அது வேறு என்று கோடு போட முடியவில்லை. ராணி அச்சு அசலாகப் புத்தகத்து ராணி.

புதுக் கூட்டில் முதலில் பிறக்கும் எறும்புகள் குட்டையாகத்தான் இருக்கும், சில உறுப்புகள் குறைந்தும் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்கு நானே சொல்லிக்கொடுக்கக்கூடிய விஷயம். என் பதினான்கும் ஒரு புதுக் கூட்டின் தலைப்பிள்ளைகள். புது இனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே எவனோ பெயர் வைத்துவிட்டான்.

இதுக்கா?

டிசம்பர் 9

இந்த வாரம் முழுக்க ஒரே நினைப்பு. இந்தப் புட்டியை யாரும் பார்க்கவில்லை. பதினான்கை மட்டும் காட்டிக் கட்டுரை அனுப்பினால், வேறு யாராவது மலையேறி வந்து சரிபார்க்க ஐம்பது வருஷமாவது ஆகும். அதுவரை அவர் பெயர் இருக்கும். யமுனாவுக்கு அது போதாதா?

பிலிப் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "அவர் கொண்டுவந்ததை ஒளிச்சிட்டுத்தான் அவருக்குப் பேர் வைக்கணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கட்டுரையைக் கிழித்தேன்.

ஜனவரி 6, 2024

பெருமாயி வாசலில் குச்சிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். இது பழைய எறும்புதான், பெயர் வைக்க முடியாது என்றேன்.

கத்தி நின்றது. "அப்ப அவரு ஏறியிருக்கவே வேண்டியதில்லீங்களா?"

"இல்லீங்க. தைக்கு ஏறுறேன்னுதான் அவரும் சொன்னாரு. நான்தான் விடல. இந்த வாரமே வேணும்னு கேட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கிழங்கை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

ஜனவரி 22

மிளகு பறிக்கிறார்கள். அந்த மரத்தில் மட்டும் யாரும் ஏறவில்லை.

பிப்ரவரி 16

செம்மேட்டிலிருந்து கடைசிக்கு முந்தின பஸ். ஏறின பிறகுதான் பார்த்தேன், ஜன்னலோரம் பெருமாயி. பின் இருக்கையில் அவர்கள் ஊர்க் கண்ணாயி. என்னைக் கண்டதும் அந்தம்மா பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சரு, எறும்புக்கு அர்த்தனாரி பேர வெச்சு வெளிநாட்டுப் பொஸ்தகத்துல போட்டாச்சாமே? இப்பத்தான் பெருமாயி சொல்லுச்சு. நெசமுங்களா?"

நாற்பது நாள் கழித்துப் பெருமாயி என் முகத்தைப் பார்த்தார்.

ஒரு முடி கூடவா குறையவா என்று மூன்று முறை எண்ணுகிறவள் நான்.

"ஆமாங்க" என்றேன். "போட்டாச்சு."

"குடுத்து வெச்ச மனுசன்" என்றார் கண்ணாயி.

பெருமாயி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. நான் வளப்பூர் வரை நின்றுகொண்டே வந்தேன்.