தொட்டி நிறைந்துவிட்டால்

ஜனவரி 18, புதன்

கல்வி அலுவலகத்திலிருந்து பெட்டி வந்துவிட்டது. உள்ளே ஐந்து ரோபோக்கள், ஒவ்வொன்றும் ஒரு சோற்று உருண்டை அளவு. கீழே சக்கரம், முன்னால் ஒற்றைக் கண், முதுகில் சின்னத் தட்டு. ஐந்தாம் வகுப்புக்கு 'நம் உணவு எங்கிருந்து வருகிறது' என்று ஒரு பாடம் இருக்கிறது. கோடிங்கும் சொல்லித்தர வேண்டுமாம். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டேன். பண்ணையில் கறந்த பால் பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக்கு வந்து சேரும் வழியைத் தரையில் போட வேண்டியது, ரோபோக்களைப் பால் லாரிகளாக ஓட்ட வேண்டியது. பால் பண்ணைகள் நிறைந்த இந்த டோகாச்சியில் இருந்துகொண்டு பாலை விட்டு வேறு எதைச் சொல்வது?

பிப்ரவரியில் பெற்றோர் பார்க்க வரும் வகுப்பில் இதைத்தான் நடத்தப்போகிறேன். சுலபமான வேலைதான்.

சப்போரோ நகரத்துக்கு மாற்றல் கேட்டிருக்கிறேன். பதில் மார்ச்சில்தான் வரும். அதுவரை இப்படித்தான் போலிருக்கிறது. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது.

ஜனவரி 24, செவ்வாய்

உடற்பயிற்சிக் கூடத்தில் நீல விரிப்பைப் போட்டு, கறுப்பு டேப்பால் சாலை ஒட்டினோம். பண்ணை, தொழிற்சாலை, குளிர்கிடங்கு, கடை, பள்ளிக்கூடம். டேப்லெட்டில் கட்டளைக் கட்டங்களை இழுத்து அடுக்கினால் ரோபோ அதன்படி ஓடும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. தோமா தன் லாரியை ஐஸ்கிரீம் கடைக்கு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான்.

சயோவின் லாரிதான் விசித்திரம். தொழிற்சாலை வாசல் வரை போனது. நின்றது. பிறகு திரும்பி, பண்ணைக்கே வந்து, அதையும் தாண்டி, விரிப்பின் ஓரத்தில் இறங்கிப் பெஞ்சுக்கு அடியில் போய் நின்றுவிட்டது. ரோபோவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றான் தோமா. எல்லோரும் சிரித்தார்கள். நான் அவள் டேப்லெட்டை வாங்கிக் கடைசி நான்கு கட்டங்களை அழித்து, 'பாலை இறக்கு' என்பதைப் போட்டுக் கொடுத்தேன்.

ஏன் செய்தாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மணி அடிக்க நேரமாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜனவரி 25, புதன்

இன்றும் அதே. பெஞ்சுக்கு அடியில்.

வகுப்பு முடிந்ததும் கேட்டேன். சயோ காலணி வாரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"தொழிற்சாலை வேணாம்னு சொல்லிட்டா அங்கதான் டீச்சர் போகும். அது பெஞ்சு இல்ல. எங்க வீட்டுச் சாணக்குழி."

புத்தாண்டு விடுமுறையில் பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடியிருந்தன, பிள்ளைகள் பால் குடிக்கவில்லை. தொழிற்சாலை வழக்கமான அளவை எடுத்துக்கொள்ளவில்லை. அவள் அப்பா சுகமோத்தோ, கறந்த பாலைச் சேர்த்துவைக்கும் குளிர்தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து மிச்சத்தைக் குழியில் விட்டிருக்கிறார். இவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அந்த இரண்டு மூன்று நாள் கறக்காமல் இருக்க முடியாதா என்று கேட்டேன். என்ன கேள்வி அது! டோகாச்சியில் ஆறு வருடமாக இருக்கிறேன்.

"பசுவுக்கு ஸ்கூல் லீவுன்னு தெரியாதே டீச்சர்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஜனவரி 27, வெள்ளி

மதியம் பால் பெட்டியில் ஸ்ட்ராவைக் குத்தினேன். குடிக்க முடியவில்லை. பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று குடித்தேன்.

பிப்ரவரி 2, வியாழன்

தலைமை ஆசிரியர் ஹனதா கூப்பிட்டு அனுப்பினார். பெற்றோர் வரும் நாளில் பால் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும் ஆள் வருகிறாராம். சயோவின் லாரி விஷயம் அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"நல்லா பால் குடிங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்ல வர்றாங்க, கிரியாமா டீச்சர். அன்னிக்குப் பாத்து பாலைக் கொட்டற கதை எதுக்கு?"

அவர் கெட்டவர் இல்லை. இந்தப் பள்ளியை அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு இருக்கிறது. சங்கத்தின் தயவு இருந்தால் அது தள்ளிப்போகும் என்று நம்புகிறார். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதைப் பார்த்துக்கொள்வேன்? நான்தான் ஏப்ரலில் இங்கே இருக்கப்போவதில்லையே. அப்புறம் எனக்கென்ன?

பிப்ரவரி 5, ஞாயிறு

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காரை எடுத்துக்கொண்டு சுகமோத்தோ பண்ணைக்குப் போய்விட்டேன். பெற்றவரே சம்மதித்தால் ஹனதாவிடம் துணிந்து பேசலாம் என்று நினைப்பு.

மனிதர் தொழுவத்தில் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தார். கன்றுக் கொட்டகை காலியாகக் கிடந்தது. ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. நான் ரோபோ, வரைபடம் என்று விளக்க விளக்க, அவர் மண்வெட்டிப் பிடியின் மேல் கையை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"சயோ பார்த்தாளா? அவ தூங்கறான்னு நெனச்சேன்."

மறுபடி வைக்கோலைத் தள்ள ஆரம்பித்தார். பசு ஒன்று என் கோட்டை நக்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், எங்க வீட்டுச் சமாச்சாரத்த ஊர் முன்னால தரையில ஓட்டிக் காட்ட வேண்டாம். அவகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க."

வரும்போது ஒரு வாளி நிறையப் பால் கொடுத்தார். மறுக்க முடியவில்லை. வீட்டில் இருப்பது நான் ஒருத்தி, அதை என்ன செய்வேன்? கஞ்சி, சூப், புட்டிங் எல்லாம் வைத்தும் தீரவில்லை. கொட்டவும் கை வரவில்லை. மிச்சம் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 7, செவ்வாய்

சயோவிடம் சொல்லிவிட்டேன். சரி டீச்சர் என்றாள். கட்டங்களை அவளே அழித்தாள். லாரி ஒழுங்காகத் தொழிற்சாலைக்குள் போயிற்று.

அவள் அழுதிருந்தால் பரவாயில்லையே. என்னத்துக்கு இந்த வேலைக்கு வந்தேன் நான்?

பிப்ரவரி 9, வியாழன்

இன்று நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. இல்லை, நான்தான் பொறுப்பு. தெரியவில்லை.

தோமா தன் லாரியைச் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறை பால் இறக்கும்போதும் தொழிற்சாலைத் தொட்டியின் எண் திரையில் ஏறிக்கொண்டே போகிறது. எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாமா என்று கேட்டான். நல்ல கேள்வி. கோடிங் பாடத்திலும் அடுத்து வருவது அதுதான். 'தொட்டியில் இடம் இருந்தால்' என்ற கட்டத்தை எல்லோருக்கும் காட்டினேன். இடம் இருந்தால் இறக்கு. அதற்குக் கீழே 'இல்லாவிட்டால்' என்று இன்னொரு கட்டம் தானாகவே வரும். அதற்குள் ஒன்றும் இல்லை. வெறும் வெள்ளை.

ஓட்டினோம். தொட்டி நிறைந்தது. முதல் லாரி வாசலில் நின்றது. அதன் பின்னால் இரண்டாவது, மூன்றாவது, கடைசியில் ஐந்தும் வரிசையாக.

பிள்ளைகள் கத்த ஆரம்பித்தார்கள். வெண்ணெய் ஆக்கலாம், பவுடர் ஆக்கலாம், எல்லோரும் இரண்டு பெட்டி குடிக்கலாம், பூனைகளுக்குக் கொடுக்கலாம். பவுடர் கிடங்கும் நிறைந்துவிட்டால்? பூனைக்குப் பால் ஒத்துக்கொள்ளாதே? சண்டை முற்றியது. சயோ மட்டும் தன் லாரியின் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். தோமா அவளிடம் போய், அன்றைக்கு உன் லாரி பெஞ்சுக்கு அடியில் போனதே, அது இதுதானா என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். அவனை அல்ல, என்னை. நான் வரிசையை ஒழுங்குபடுத்துவதுபோல் குனிந்துகொண்டேன்.

பிப்ரவரி 13, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். 'இல்லாவிட்டால்' என்பதற்குள் வெண்ணெய்த் தொழிற்சாலை. வெண்ணெய் யார் மனதையும் புண்படுத்தாது.

பிப்ரவரி 16, வியாழன்

முதலில் இருந்து எழுதுகிறேன்.

பெற்றோர்கள் சுவரோரம் நின்றார்கள். சங்கத்து ஆள், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட இளைஞர், ஹனதா பக்கத்தில். சுகமோத்தோ வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு கதவருகே நின்றார்.

லாரிகள் ஓடின. தொட்டி நிறைந்தது. மிச்ச லாரி வெண்ணெய் ஆலைக்குத் திரும்பியது. கைத்தட்டல். எனக்கு மூச்சு வந்தது. ஏதாவது கேட்க வேண்டுமா என்று விருந்தினரைக் காட்டிப் பிள்ளைகளைக் கேட்டேன். வழக்கமான கேள்விதான், யாராவது பசு எத்தனை லிட்டர் கறக்கும் என்பார்கள்.

தோமா கை தூக்கினான்.

"வெண்ணெயும் வேணாம்னா, பாலைக் கொட்டிடுவாங்களா?"

சங்கத்து ஆள் ஹனதாவைப் பார்த்தார். ஹனதா என்னைப் பார்த்தார். நான் பேசியிருக்க வேண்டும். அப்போது கதவருகிலிருந்து குரல் வந்தது.

"கொட்டுவாங்க. நான் கொட்டினேன்."

சுகமோத்தோ விரிப்பின் ஓரம் வரை வந்தார். காலணி கழற்றிய வெறும் சாக்ஸ் கால், பெருவிரல் பக்கம் தைத்திருந்தது. பிள்ளைகளைப் பார்த்துத்தான் பேசினார், பெரியவர்களை அல்ல.

"மொத நாள் குழாயத் தொறந்துட்டு வேற பக்கம் திரும்பிக்கிட்டேன். அடுத்தடுத்த நாள் கொட்டிக்கிட்டே ராத்திரி என்ன சாப்பாடுன்னு யோசிச்சுட்டு இருந்தேன். அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு."

தோமா மறுபடி கையைத் தூக்கி, பசுக்களுக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியாது, அதுகளுக்கு மடி காலியானால் நிம்மதி என்றார். சங்கத்து இளைஞர் குனிந்து வணங்கினார். பால் அனுப்புவதைக் குறைக்கச் சொல்லிப் பண்ணைகளுக்குப் போன் செய்தது தான்தான் என்றார். அவர் காது சிவந்திருந்தது.

சயோ எழுந்து போய் அப்பா பக்கத்தில் நின்றாள். கையைப் பிடிக்கவில்லை. சும்மா நின்றாள்.

பிப்ரவரி 17, வெள்ளி

ஹனதா திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். இனிமேல் இப்படி ஏதாவது இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்றார். நேற்றே இரண்டு பண்ணைக்காரர்கள் அவரிடம் வந்து, தாங்களும் கொட்டினோம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். எதற்குத் தன்னிடம் வந்து சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. எனக்கும் சரியாகப் புரியவில்லை.

மார்ச் 3, வெள்ளி

சுகமோத்தோ பசுக்களை விற்கிறார். எல்லாவற்றையும்.

சயோ வகுப்பு முடிந்தும் போகாமல் ரோபோக்களுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, திரும்பாமலே கேட்டாள்.

"நான் லாரிய அப்படி ஓட்டினதாலதான் அப்பா விக்கறாரா டீச்சர்?"

இல்லை என்றேன். உடனே சொன்னேன், யோசிக்காமல். அவள் நம்பவில்லை. எனக்கே நம்பிக்கை இருந்தால்தானே.

ஒருவேளை அதனால்தானோ? அந்த விரிப்பை நான் போடாமல் இருந்திருந்தால்—

மார்ச் 5, ஞாயிறு

போனேன். வேறு வழி இல்லை. தொழுவம் பாதி காலி. வாசலிலேயே நின்று, சயோ கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"அப்படியா நெனச்சுட்டு இருக்கா? டீச்சர், நானும் என் பொண்டாட்டியும் இலையுதிர் காலத்துலயே முடிவு பண்ணிட்டோம். தீவன வெல கட்டுப்படியாகல. கன்னுக்குட்டிங்கள அப்பவே அனுப்பியாச்சு. சொல்லத்தான் வாய் வரல. அன்னிக்கு உங்க ஸ்கூல்ல ஒரு தடவ வாயத் தொறந்தேன், அப்புறம் மத்ததும் வந்துடுச்சு."

அதை என்னிடம் அல்ல, அவளிடம் சொல்லுங்கள் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியே சேற்றுக் காலோடு வீட்டுக்குள் போனார். நான் காரில் ஏறி, கிளம்பாமல் கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. சயோ ஜன்னல் திரையை விலக்கி என்னைப் பார்த்தாள், மறுபடி மூடிக்கொண்டாள்.

மார்ச் 6, திங்கள்

சயோ ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மதியம் தோமாவோடு சண்டை போட்டாள், சத்தமாக. அவன் பால் பெட்டியில் பாதியை மிச்சம் வைத்துவிட்டானாம்.

மார்ச் 22, புதன்

மாற்றல் கிடைக்கவில்லை. இன்னும் ஒரு வருடமாவது இங்கேதான். அம்மாவுக்குப் போன் செய்து குறைப்பட்டுக்கொண்டேன். பேசி முடித்ததும் பார்த்தால், நான் சொன்ன அளவுக்கு வருத்தம் இல்லை. கோபப்பட முயன்றேன். பசிதான் வந்தது.

மே 8, திங்கள்

மே முதல் வார விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. காலையில் சர்க்கரை பீட்ரூட் வயல்களுக்கு நடுவே போகும் நேர்ச் சாலையில் ஒரு பால் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். அது ஓரம் கட்டியது. நான் பக்கத்தில் போனதும் ஜன்னல் இறங்கியது. சுகமோத்தோ. லாரி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம். முகம் முன்போல் இல்லாமல் ஒழுங்காகச் சவரம் கண்டிருந்தது.

வேலை எப்படி என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பண்ணையிலயும் மோந்து பாத்துட்டுத்தான் பாலை ஏத்தணும் டீச்சர். இத்தன வருஷம் எங்க வீட்டுப் பால் வாசன மட்டும்தான் தெரியும். இப்ப ஊர்ப் பால் எல்லாம் தெரியுது. ஒன்னு மாதிரி ஒன்னு இல்ல."

லீவு நாட்களில் எப்படி இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அவரே, இந்த முறை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள், அடுத்த முறை என்ன ஆகுமோ என்றார். அதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து சயோ எட்டிப் பார்த்தாள். மடியில் பள்ளிப்பை. அப்பா ஊர் முனையில் இறக்கிவிடுவார், சொல்லிவிடாதீர்கள், லாரியில் ஆள் ஏற்றக்கூடாது என்றாள்.

"நீங்க முந்திப் போங்க டீச்சர். நான் மெதுவாத்தான் போவேன், பால் குலுங்கும்" என்றார் அவர்.

சரி என்றேன். ஆனால் முந்தவில்லை. ஊர் வரும் வரை அந்த லாரிக்குப் பின்னாலேயே, அது போன வேகத்தில் போனேன். முதல் மணிக்குத் தாமதமாகிவிட்டது.