திருப்பத்தில் தட்டிய கால்

என் உயிர் மச்சான் தாசு,

நீ போய் எட்டு மாசம் ஆகிறது. அங்கே மேலே பேண்டு எல்லாம் உண்டா? இருந்தால், இதற்குள் அவர்களுக்கும் மார்க் குறைத்துப் போட்டு நாலு பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாய்.

இந்தச் சுதந்திர தினத்துக்கும் செங்கல்பட்டில் பள்ளிக்கூட பேண்டு ஊர்வலப் போட்டி நடந்தது. என்னை நம் பழைய இடத்தில், தெரு திரும்புகிற முனையில்தான் நிறுத்தினார்கள். மற்ற நடுவர்களுக்கு மேடையோரம் நாற்காலி. வெயிலிலும் பஸ் புகையிலும் வேறு யார் வந்து நிற்பார்கள்? ஆனால் பேண்டின் லட்சணம் திருப்பத்தில்தான் தெரியும் என்பாய். முன்வரிசை கட்டடத்துக்கு அந்தப் பக்கம் போனதும் முன்னால் ஒரு தாளம், பின்னால் ஒரு தாளம் ஆகிவிடும்.

முதல் வருஷம் நீ என்னைப் பிடித்தது ஞாபகம் இருக்கிறதா? கல்பாக்கத்தில் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாய்.

"இன்னா மச்சான், காலு தட்டிகினே கீது? புள்ளைங்க உன் காலப் பாத்து அடிக்குதுங்க. நீ நடுவரா, பேண்டு மாஸ்டரா?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. நீ யாரிடமும் அதைச் சொல்லவில்லை. அடுத்த பேண்டு வந்ததும் உன் ஷூவை என் கால்மேல் வைத்து ஒரே மிதி. அன்றிலிருந்து பதினோரு வருஷம் மிதித்தாய், பாவி! கட்டைவிரல் நகம் ரெண்டு தடவை கறுத்தே போனது. ஒரு நாளாவது உனக்கு நன்றி சொன்னேனா?

இந்தத் தடவை மிதிக்க ஆள் இல்லை.

சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி வந்தது. பெரிய டிரம் ஒன்பதாவது படிக்கிற பெண்ணிடம். சரியாகத் திருப்பத்தில் ஒரு பஸ்காரர் ஹாரனை அழுத்தினார், தாளம் கலைந்தது. அவள் கண் என் காலுக்கு வந்தது. குனிந்து பார்க்கிறேன், கால் தட்டிக்கொண்டிருக்கிறது! அவள் அதைப் பிடித்துக்கொண்டாள், மொத்த பேண்டும் சேர்ந்துகொண்டது. நான் சந்தோஷத்தில் பத்துக்கு ஒன்பது போட்டுவிட்டேன்.

கூட்டிப் பார்த்தால் அந்த ஒன்பதால்தான் அவர்களுக்கு முதலிடம். முதலில் வருகிற பள்ளிதான் சென்னைப் போட்டிக்குப் போகும். வாயைத் திறக்காமல் இருந்தால் ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. அப்போது உன் முகம்தான் வந்து நின்றது. ஒருமுறை ரெண்டு பள்ளிகளின் மார்க்கை மாற்றிப் போட்டுவிட்டு, கோப்பை கொடுத்த பிறகு மைக்கை வாங்கி, "தப்பு என்னுதுதான்" என்றாயே, அந்த முகம். தலைமை நடுவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். என் மார்க்கை நீக்கிவிட்டுக் கூட்டினார்கள். அந்தப் பள்ளி இரண்டாவது ஆனது.

அந்தப் பெண்ணிடம் நானே போய்ச் சொன்னேன். அழுதாள். "அடுத்த வருசம் நான் டென்த்து சார். பேண்டுல வுட மாட்டாங்க" என்றாள். பிள்ளைகளை அழவைத்துத்தானா இந்த நேர்மை எல்லாம், தாசு?

கொஞ்ச நேரத்தில் அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானும் பாத்துதான் சார் அடிச்சேன். எட்டாவது பொண்ணுங்களுக்குச் சொல்லி வெக்கிறேன், அந்தத் திருப்பத்துல யாரு காலையும் பாக்காதீங்கன்னு."

உடனே உனக்குப் போன் போட வேண்டும் போலிருந்தது. பாக்கெட்டில் கையையும் விட்டுவிட்டேன்.

"அடுத்த வருஷம் மேடைப் பக்கம் நிழல்ல உக்காருங்க சார்" என்றார் தலைமை நடுவர். மாட்டேன் என்றேன். என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியதும் நீதான், என்னை நானே காட்டிக்கொடுக்கப் பழக்கியதும் நீதான். நன்றி மச்சான்.

அடுத்த வருஷமும் அந்த முனையில்தான் நிற்பேன். காலை அசைக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது, உனக்கு என்னைத் தெரியும். ஆனால் அசைந்தால் அன்றைக்கே சொல்லிவிடுவேன். அதற்குச் சத்தியம்.

இன்னும் உன்னோடு சேர்ந்தே மார்க் போடும்
உன் மச்சான்,
செல்வம்