தோள் தாங்கும் மருந்து

பிடிவாதக்காரனுக்கு,

“குண்டு ரெண்டும் ஆளுக்கொரு பக்கம் போகுது. கிழட்டுத் துப்பாக்கி, வித்துத் தொலைப்போம்” என்றாயே. நீ மாடு ஓட்டிப் போனதும், ரவையும் குண்டும் சுடும் உன் இரட்டைக்குழலை எடுத்துக்கொண்டு கறையான் புற்றைக் குறிவைத்துச் சுடப் போனேன்.

நீ நிரப்பிய தோட்டா அகலமாகத்தான் அடித்தது. பழைய அளவு வெடிமருந்தை நானே நிரப்பிச் சுட்டேன். இரண்டு குண்டின் துளைகளும் என் உள்ளங்கைக்குள் அடங்கின.

மருந்து குறைந்தால் குழல்கள் விலகிச் சுடும் என்று எனக்குச் சொல்லித்தந்தவனே நீதான். தெரிந்தும் ஏன் குறைத்தாய்? இப்போதெல்லாம் என் முன்னால் சட்டையும் மாற்றுவதில்லை.

டார்வின் நகரத்து டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வண்டியை நான் ஓட்டுகிறேன்.

முழு மருந்து உதைத்ததில் என் தோள் கன்றிக் கிடக்கிறது. வந்ததும் காட்டுகிறேன். நீயும் உன் தோளைக் காட்டு.

உன் மனைவி