முனியாண்டி கோவில் பிரேக் டிரம்

புக்கிட் ரோத்தான்,
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த பிறகு

அன்புள்ள மகன் ரெய்மண்டுக்கு,

மாதாவின் தயவால் நானும் அப்பாவும் மருமகள் கிளாரிஸ்ஸாவும் சுகம். பெர்த்தில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று இன்று பூசையில் கேட்டுக்கொண்டேன். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வாய் மட்டும் இறங்கவில்லை. இங்கே தினமும் சாயங்காலம் மழை. பக்கத்து வீட்டு ஜோலீன் லீவு முடிந்து நாளை பெர்த்துக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஃபோனில் சொல்லலாம்தான். ஃபோனில் நீ "ம்" என்பாய், யாரோ கூப்பிடுவார்கள், வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் இதுதான். பழைய இரும்பு எடுக்கும் அப்பளசாமி வியாழக்கிழமை கிரேன் வைத்த லோரியோடு நம் வாசலுக்கு வந்தார். "ஒங்க மவன் ஃபோன் பண்ணாரு, அக்கா, ஆர்மி வண்டிய எடுத்துக்கச் சொல்லிட்டாரு" என்றார். எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. கிளாரிஸ்ஸா அப்போதுதான் பத்தாங் பெர்ஜுந்தாய் மில் ஆபீசிலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கேட்டாள். ஹெல்மெட்டை ஆணியில் மாட்டினாள். பிறகு "அவர் வண்டிதாண்ணே. அவர் சொன்னா எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து நீட்டினாள். அப்பளசாமி சாவியைப் பார்த்தார். "சாவி எதுக்குமா? இரும்ப நான் கிரேன்லதான் தூக்குவேன்" என்றார். "இது ஓடும்ணே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என் மகன் என்னிடம் பேசட்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்று நான்தான் லோரியைத் திருப்பி அனுப்பினேன்.

வண்டி ஓடும் ரெய்மண்ட். நீ ஏலத்தில் எடுத்து, ஒரு மழைக்காலம் முழுக்கக் கழற்றி, பிறகு வேலை கிடைத்துப் போனாயே, அந்த வோல்வோ. நட்டுகள் மைலோ டின்களில், சீட்டு கோழிக்கூட்டின் மேல், இஞ்சின் கித்தான் சாக்குக்குள். நான் அதைக் குப்பை என்றுதான் நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்தாய் என்று இப்போது தெரிகிறது. அவள் மட்டும் நினைக்கவில்லை. ஒருநாள் ஒரு டின்னைத் திறந்து மண்ணெண்ணெயில் கழுவ ஆரம்பித்தாள். எதற்கு என்று கேட்டேன். சும்மா, அத்தை, என்றாள். சும்மாவே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ராணுவம் கைவிட்ட வண்டிக்குச் சாமான் கடையில் கிடைக்காது, அதைக் கழற்றிய உனக்குத் தெரியும். அவள் கிள்ளானுக்குப் போனாள், ஈப்போவுக்குப் போனாள். பகாங்கில் மரம் இழுக்கிற காட்டு லோரிக்காரர்களிடம் ஃபோனில் மலாயில் கெஞ்சிக் கண்ணாடி ரப்பர் வாங்கினாள். சுவீடனில் ஒரு கிழவருக்கு எழுதினாள், அவர் தபாலில் ஒரு பம்ப் அனுப்பினார், கூடவே தன் நாய் படம். அதை அவள் டேஷ்போர்டில் ஒட்டியிருக்கிறாள். உன் அப்பா தின்பண்டத்தைக் கொறித்துக்கொண்டு "மருமவ கையில ஸ்பானர், மவன் கையில ஃபோனு, நல்ல குடும்பம்லா" என்பார். ஆனால் இஞ்சினை இறக்கும் அன்று சட்டையைக் கழற்றிவிட்டு அவர்தான் முதலில் சங்கிலியைப் பிடித்தார்.

கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. பின்சக்கரத்து பிரேக் டிரம். சட்டி மாதிரி வார்ப்பிரும்பு, சக்கரத்துக்குள் உட்காரும். நம்முடையதில் விரிசல். ஒட்டவைத்து ஓட்டலாம் என்றார்கள் இங்கே பட்டறைக்காரர்கள். அவள் மாட்டேன் என்றாள், நிற்காத வண்டியில் யாரையும் ஏற்றமாட்டேன் என்றாள். சுவீடன் கிழவரிடமும் இல்லை. வேறு வண்டியின் டிரம் எதுவும் பொருந்தவில்லை. அவள் அதன்பிறகு கொட்டகைக்குப் போவதையே விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை, எஸ்டேட் ஓரத்தில் முனியாண்டி கோவில் இருக்கிறதே, அங்கே வாழைப்பழம் வாங்க மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறாள். உள்ளே பூசை. மணி அடித்திருக்கிறது. அது மணியில்லை என்று அவள் காது சொல்லியிருக்கிறது. போய்ப் பார்த்தால் கம்பியில் தொங்குகிறது ஒரு பிரேக் டிரம், சுற்றிலும் மஞ்சள், குங்குமம். எப்போதோ ஒரு ராணுவ வண்டி அந்தப் பக்கம் வாய்க்காலில் கவிழ்ந்து, பாகம் பாகமாகக் கழன்று, இது சாமிக்கு வந்திருக்கிறது. துளைகளை எண்ணினாள், விரலால் அளந்தாள். நம் வண்டியுடையதேதான். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள், விரிசல் விட்ட டிரம் டொக் டொக்கென்றுதான் கேட்கும் அத்தை, இது இத்தனை வருஷம் அடிவாங்கியும் கணீரென்று கேட்கிறது, கெட்டுப்போகவே இல்லை.

கோவிலைப் பார்த்துக்கொள்கிற சிவானந்தம் நல்ல மனிதர். டிரம்மைக் கேட்டதற்கு, சாமியிடம் பூப்போட்டுக் கேட்டுத்தான் கொடுக்க முடியும் என்றார். துணைக்கு என்னையும் கூட்டிப்போனாள். பாதர் பார்த்தால் என்ன சொல்வாரோ என்று கைப்பைக்குள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இலையில் மடித்துக் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் இல்லை. கேட்கிறவர்தான் எடுக்க வேண்டுமாம். எடுத்தாள். சிவப்பு. நானாக இருந்தால் இன்னொரு தடவை போடச் சொல்லியிருப்பேன். அவள் கும்பிட்டாள், சரிங்கண்ணே என்றாள். திரும்பும்போது அந்தக் கம்பி துருப்பிடித்து இற்றுப்போயிருப்பதைப் பார்த்தாள். அடியில்தானே எல்லாரும் நிற்கிறார்கள். மறுநாள் சங்கிலி வாங்கிப்போய்ச் சாமியின் டிரம்மை உறுதியாகக் கட்டித் தொங்கவிட்டு வந்தாள். தனக்குக் கிடைக்காது என்று ஆன பிறகு.

அடுத்த வாரம் சிவானந்தம் நம் வீட்டுக்கு வந்தார். "நாமதாம்மா தப்பாக் கேட்டுட்டோம். மாத்து மணி வைக்காம இருக்கிற மணியக் கேட்டா அவரு எப்படிக் குடுப்பாரு? சாமிய ஊமையாக்கப் பாத்தோம்லா" என்றார். எனக்கு அது சரியென்று பட்டது. நம் மாதா கோவிலிலும் பழைய மாதா சுரூபத்தை இறக்குவதற்கு முன்னால் புதியதைக் கொண்டுவந்து வைக்கத்தானே செய்கிறோம். கிளாரிஸ்ஸா நேரே அப்பளசாமியின் இரும்புக் கிடங்குக்குப் போனாள். சுத்தியலை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு லோரி டிரம்மாகத் தட்டித் தட்டிக் கேட்டாள். "என்னம்மா, கல்யாண பேண்டுக்கு ஆள் எடுக்கிறியா?" என்று அவர் சிரித்திருக்கிறார். அவள் சிரிக்காமல் எல்லாவற்றையும் தட்டி முடித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பழையதைவிடக் கனமான குரல். அதைக் கழுவி, துரு எடுத்து, சிவானந்தத்தோடு சேர்ந்து கட்டினாள். முதலில் அதை அடித்தார்கள். பிறகு பூ போட்டார்கள். அவள் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

தஞ்சோங் காராங்கில் கடைசல் பட்டறையில் சாமி கொடுத்த டிரம்மின் உள்பக்கத்தை வழவழப்பாகக் கடைந்து வாங்கி, இரண்டு நாள் லீவு போட்டு மாட்டினாள். போன ஞாயிறு நாங்கள் மூவரும் ஏறினோம். வயல் பக்கத்து வாய்க்கால் ரோட்டில் போனோம். பாலத்து இறக்கத்தில் அவள் பிரேக்கை மிதித்தாள். நின்றது. அங்கேயே ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அப்பா அவளுக்குக் கேட்கிற மாதிரி என்னிடம், நம் வீட்டில் ஒரு வேலையைத் தொடங்கி முடித்த முதல் ஆள் இவள்தான் என்றார். உன்னைக் குத்துகிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

உனக்கு ஏன் இதுவரை சொல்லவில்லை என்று கேட்பாய். தொடக்கத்தில் இரண்டு தடவை சொல்ல வந்தாளாம், நீ அந்தப் பேச்சு வேண்டாம் என்றாயாம். ஓட்டிக் காட்டிவிட்டுச் சொல்லலாம் என்று விட்டிருக்கிறாள். கிறிஸ்மஸுக்கு நீ வரும்போது ஏர்போர்ட்டுக்கு அதில் வருவதாக இருந்தாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை. உன்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று எனக்கும் சொல்லியிருக்கிறாள். நான் கேட்கவில்லை. அப்பளசாமியிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் நீ, நான் அவரை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். வண்டியை அவள் பேருக்கு மாற்று என்று நான் எழுதமாட்டேன். அது என் வாயிலிருந்து வந்தால் நன்றாக இருக்காது.

கர்த்தர் உன் வேலையிலும் உன் வழியிலும் கூட இருப்பாராக. சுரங்கத்தில் வெயில் அதிகம் என்று ஜோலீன் சொன்னாள், தண்ணீர் குடி, தொப்பியைப் போட்டுக்கொள். ஊறுகாயும் அவளிடம்தான் கொடுத்திருக்கிறேன். அப்பளசாமியைக் கூப்பிடுவதற்கு முன்னால் உன் மனைவியைக் கூப்பிடு. விற்பதைப் பற்றி எடுக்காதே. அந்த டிரம் எங்கே கிடைத்தது என்று மட்டும் கேள், பிறகு அவள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இரு.

என்றும் உன் அன்பு அம்மா,
மாடில்டா சூசைமுத்து